வின்னிபெக்கின் தீத்தாக்கள்

2016 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி கனடாவின் வின்னிபெக் விமான நிலையத்தில் இறங்கினோம். எங்களுக்காகப் பதினேழு பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஐந்து பேரை என் கணவருக்கே யாரென்று தெரியவில்லை. ஒருவர் கையில் குளிர்க்கோட்டு, இன்னொருவர் கையில் பூட்ஸ், ஒரு சிறுமியிடம் கம்பளிக் குல்லா. யாரும் தங்களை அறிமுகம் செய்துகொள்ளவில்லை. நேரே வந்து கோட்டை என் தோளில் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "குமாயின் கா நா?" என்று கேட்டார்கள். "சாப்பிட்டாயா?" என்று பொருள். வீட்டுப் படியேறுகிறவர்களிடம் நம் ஊரில் முதலில் கேட்கும் அதே கேள்விதான்.

நான் கும்பகோணத்துக்காரி. கணவருக்குப் பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்தில் லிப்பா. சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் பழகி, 2014இல் கல்யாணம் செய்துகொண்டோம். கனடாவுக்குப் போகலாம் என்று முடிவு செய்தபோது டொரண்டோவில் என் பள்ளித்தோழி இருந்தாள், வின்னிபெக்கில் அவருடைய அம்மாவின் தங்கை இருந்தார். மானிடோபா மாகாணத்தின் குடியேற்றத் திட்டத்தில் அங்கே உறவினர் இருந்தால் அது விண்ணப்பத்துக்குப் பெரிய பலம். அவர் ஆதரவாளராகக் கையெழுத்துப் போட்டார். இப்படித்தான் அந்த ஊர் எங்கள் ஊரானது.

வின்னிபெக்கில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் பிலிப்பினோ. முதலில் நர்ஸ்கள் வந்தார்கள். 1968 முதல் தையல் தொழிற்சாலைகளுக்கென்று பெண்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்தார்கள். ஒருவர் வந்து காலூன்றி, தங்கையை அழைத்து, தங்கை தன் கணவரின் அண்ணனை அழைத்து, இப்படியே வளர்ந்த ஊர் அது. எங்களுக்குக் கோட்டு கொண்டுவந்த பாட்டியும் எழுபதுகளில் அந்த வேலைக்கு வந்தவர்தான். அவர் என் கணவருக்கு ரத்த உறவே இல்லை, சித்தியின் மாமியார். ஆனாலும் எல்லோருக்கும் அவர் 'லோலா', பாட்டி. பல வருஷம் குளிர்க்கோட்டு தைத்த கை. என் மேல் போட்ட கோட்டின் கை நீளமாக இருப்பதைப் பார்த்து, அன்று ராத்திரியே மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

முதல் வாரம் முழுக்க நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்: "இந்த தீத்தா அம்மா பக்கமா, அப்பா பக்கமா?" அவர்களுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நமக்குச் சித்தி வேறு, அத்தை வேறு, மாமி வேறு. அங்கே எல்லோரும் தீத்தாதான். கணவரின் பக்கத்து வீட்டுக்காரரும் தீத்தா, சித்தியோடு வேலை பார்ப்பவரும் தீத்தா. அவர்கள் கணக்கு வைப்பது வயதை. அக்காவுக்கு 'ஆத்தே', அண்ணனுக்கு 'குயா'. சில குடும்பங்களில் மூத்த அக்கா ஆத்தே, அடுத்தவர் 'தித்சே', அதற்கடுத்தவர் 'சான்சே' என்று வரிசைக்கொரு பெயரும் உண்டு. ஆனால் இரண்டு இடங்களில் என் மனசு சட்டென்று ஒட்டியது. சம்பந்திக்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கிறது, 'பலாயே'. அண்ணன் தம்பி மனைவிமார் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஓரகத்தி உறவுக்கும் சொல் உண்டு, 'பிலாஸ்'. சகலையும் பிலாஸ்தான். ஆங்கிலத்தில் இந்த உறவுகளைச் சொல்லத் திணறிப்போவோம். இவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிற ஒரு மொழிக்குள் வந்திருக்கிறோம், பிழைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு அன்றைக்குத் தைரியம் வந்தது.

இப்படிப்பட்ட குடும்பத்துக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: பெயர்களை அப்புறம் மனப்பாடம் செய்துகொள்ளலாம், யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களைக் கண்டால் அவர்கள் கையை எடுத்து நம் நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும், 'மானோ போ' என்று சொல்லி. அந்தப் 'போ' நம் 'ங்க' மாதிரி மரியாதைச் சொல். பின்னால் என் மகன் தொலைபேசியில் நன்றி சொல்லும்போது "சலாமாத் போ" என்றதும், "யாரைப் போகச் சொல்றான்?" என்று கும்பகோணத்தில் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. விளக்கிச் சொன்ன பிறகு அவரே அதை மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார்.

மேப்பிள்ஸ் பகுதியில் இருந்த சித்தி வீட்டின் பேஸ்மென்ட்டில் தங்கினோம். சித்தி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை. காலை ஏழரைக்கு வந்து, தூங்கப்போகும் முன் எங்களுக்குப் பூண்டுச் சோறு வதக்கி வைத்துவிட்டுத்தான் படுப்பார். பிலிப்பைன்ஸின் உணவுக் கடைத்தொடரான ஜாலிபீ, அந்த டிசம்பரில் கனடாவின் தன் முதல் கடையை வின்னிபெக்கில் திறந்தது. பனியில் வரிசை கட்டி நின்ற கூட்டத்தில் எங்கள் குடும்பத்திலேயே ஒன்பது பேர். வறுத்த கோழிக்காக அவ்வளவு நேரம் நிற்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. உள்ளே போய் முதல் துண்டைக் கடித்ததும் லோலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தக் கேள்வி எனக்கு எழவில்லை.

ஜனவரியில்தான் தவறு செய்தேன். இரண்டு மாதம் ஓசியில் இருக்கிறோமே என்று எனக்கு உறுத்தல். 600 டாலரை உறையில் போட்டு, "தீத்தா, வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டினேன். அவர் வாங்கி மேஜை மேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் எப்போதும் போல அடுப்பின் மேல் இருந்தது. உறை மேஜையிலேயே கிடந்தது.

கணவர்தான் விளக்கினார். அதற்கு 'தம்போ' என்று பெயர். கோபம் இல்லை, நெருங்கியவர்களிடம் மட்டும் வருகிற மனத்தாங்கல். தூரத்து ஆளிடம் யாரும் தம்போ கொள்வதில்லை. நான் காசை நீட்டியதும் அவர் காதில் விழுந்தது "நமக்குள் கணக்கு முடிந்தது" என்பதுதான். அவர்களிடம் 'ஊத்தாங் நா லோஓப்' என்றொரு சொல் இருக்கிறது. உள்ளத்துக் கடன் என்று சொல்லலாம். அதைத் தீர்க்கக் கூடாது. ஆயுசுக்கும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தீர்த்துவிட்டால் உறவும் தீர்ந்தது.

தம்போவுக்கு மன்னிப்பு வேலை செய்யாது. வாதமும் செய்யாது. கொஞ்சிச் சமாதானம் செய்ய வேண்டும், அதற்கும் ஒரு சொல் உண்டு, 'லம்பிங்'. ஐந்தாம் நாள் அவர் எழுந்து வந்த நேரமாகப் பார்த்து அடுப்படியில் போய் நின்றேன். "தீத்தா, சினிகாங் சூப் எப்படிச் செய்வது என்று சொல்லித்தாருங்கள். எங்கள் ஊரிலும் புளிதான், ஆனால் எனக்கு உங்கள் பதம் வரவில்லை" என்றேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு புளியை என் கையில் கொடுத்துக் கரைக்கச் சொன்னார். நான் கரைத்த விதத்தைப் பார்த்து, "உனக்குத்தான் தெரிகிறதே" என்றார். அன்றைக்கே உறையும் என் கைப்பைக்குள் திரும்பி வந்திருந்தது.

பணம் வாங்க மாட்டார்கள் என்றால் வேறு எதைக் கொடுப்பது? நான் படித்தது கணக்கு. கனடாவில் ஏப்ரல் 30க்குள் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சித்தி ஒவ்வொரு வருஷமும் யாருக்கோ காசு கொடுத்துச் செய்துகொண்டிருந்தார். மார்ச்சில் உட்கார்ந்து விதிகளைப் படித்து, அவருக்கும் சித்தப்பாவுக்கும் லோலாவுக்கும் நானே செய்தேன். அடுத்த வாரம் ஒரு தீத்தா சம்பளச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வருஷம் மொத்தம் பதினொரு குடும்பம். யாரும் கூலி எவ்வளவு என்று கேட்கவில்லை. ஆனால் பன்சித் நூடுல்ஸ் தட்டும், மீன் பொரியலும், பழைய கட்டிலும், ஒரு சோபாவும் வந்துகொண்டே இருந்தன. மே மாதத்தில் எனக்குச் சம்பளப் பட்டியல் போடும் வேலை கிடைத்ததும் இந்த வழியில்தான். வரி செய்துகொடுத்த ஒருவர் தன் அலுவலகத்தில் இடம் காலியாவதைச் சொன்னார். நான் கண்டது இது: உங்களிடம் என்ன கைத்தொழில் இருக்கிறதோ, தைப்பதோ, வண்டி பழுது பார்ப்பதோ, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதோ, அதைக் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு அங்கே நீங்கள் விருந்தாளி இல்லை.

வேலையில் சேர்ந்த மறு மாதமே கர்ப்பம். கணவரின் பெரியம்மா மகளுக்கு இரண்டு பிள்ளைகள், அவரைத்தான் ஆத்தே என்கிறேன். "600 மணி நேரம் வேலை செய்திருந்தால்தான் மகப்பேறு உதவித்தொகை கிடைக்கும், மணியை எண்ணிக்கொண்டே வா" என்று சொல்லிவிட்டார். அரசாங்க இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்தப் படிவத்தை எப்போது அனுப்பினால் பணம் தாமதமாகாது, ராத்திரி காரின் என்ஜின் சூடேற்றியை மின்சாரத்தில் செருக மறந்தால் காலையில் என்ன ஆகும், எந்தப் பழைய துணிக்கடையில் என்றைக்கு விலை குறைப்பு, இதெல்லாம் ஆத்தேமார் தலையில்தான் இருக்கிறது.

2018 பிப்ரவரியில் மகன் பிறந்தான், சிசேரியன். அம்மாவின் விசா கைக்கு வரவில்லை. பிரசவத்துக்கு அம்மா இல்லாமல் போவது என்னவென்று நம் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள் சித்தி, செவ்வாய் ஆத்தே, புதன் சித்தப்பாவின் தங்கை, இப்படி ஞாயிறுவரை. யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை.

முதல் நாள் சித்தி கொண்டுவந்தது தினோலா. கோழி, நிறைய இஞ்சி, பச்சைப் பப்பாளி, கடைசியில் ஒரு கை கீரை. கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றது. முருங்கைக்கீரை. வெளியே முழங்கால் உயரப் பனி, உள்ளே என் கையில் முருங்கைக்கீரை. அவர்கள் அதை 'மலுங்காய்' என்கிறார்கள். முருங்கை என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பிலிப்பினோ கடைகளில் உறையவைத்த பாக்கெட்டாகக் கிடைக்கிறது. தாய்ப்பால் சுரக்க அங்கேயும் இதுதான். அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். சித்தி ஒரு கொத்துக் கீரையைக் காமிராவுக்கு முன் தூக்கிப் பிடித்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, சித்திக்குத் தமிழ் வராது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து சித்தி அம்மாவை 'பலாயே' என்றார், அம்மா அவரை 'சம்பந்தி' என்றார். முறைப்படி சம்பந்தி லிப்பாவில் இருக்கும் என் மாமியார். அவரும் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

பச்சை உடம்பு என்று நாம் சொல்வதற்கு அவர்களிடம் 'பினாத்' என்ற பயம் இருக்கிறது. சரியாக ஓய்வெடுக்காமல் எழுந்து வேலை செய்தால் உடம்பு திரும்ப விழுந்துவிடும் என்று. தலைக்குக் குளிக்காதே, காற்றில் நிற்காதே, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. அம்மாவும் தொலைபேசியில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் தினமும் குளிக்கச் சொன்னார். நான் என்ன செய்தேன் என்றால், தையல் காயத்துக்கும் மாத்திரைக்கும் குழந்தையின் எடைக்கும் நர்ஸ் சொன்னதைக் கேட்டேன், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டேன். வெந்நீரில் குளித்தேன், அதை யாரிடமும் விவாதிக்கவில்லை. குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் 'புவேரா உசோக்' என்று சொல்லித் தொடுவார்கள். கண்பட்டுவிடக் கூடாதாம். நம் வீட்டுக் கறுப்புப் பொட்டு ஒன்றையும் நான் அவன் கன்னத்தில் வைத்துவிட்டேன். இரண்டு காவலும் இருக்கட்டும் என்றார் லோலா.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது முழு உண்மை ஆகாது. மூன்றாம் வாரத்திலிருந்து எனக்கு அழுகை நிற்கவில்லை. வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் அன்பானவர்கள், நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். "களைப்பு, ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்றார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆத்தே மட்டும் ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் முதல் பிள்ளைக்குப் பிறகு இப்படி இருந்ததாகவும், யாரிடமும் சொல்லாமல் எட்டு மாதம் ஓட்டியதாகவும் சொன்னார். மறுநாள் குடும்பநலச் செவிலியர் வந்தபோது ஆத்தேயே பேச்சை எடுத்தார். சிகிச்சை கிடைத்தது, நான் மீண்டேன். எவ்வளவு பெரிய குடும்பம் சுற்றி இருந்தாலும் அது மருத்துவருக்கு மாற்று இல்லை. பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இருண்டே இருந்தால் தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள். குடும்பத்தில் அதைக் கேட்கத் தெரிந்த ஒருத்தர் நிச்சயம் இருப்பார், அவரைத் தேடிப் பிடியுங்கள்.

ஆள் கூட்டம் அதிகமாகி மூச்சு முட்டியபோது நானே முகத்துக்கு நேராக "இன்று வர வேண்டாம்" என்று சொன்னதுண்டு. அது பெரிய தம்போவில் முடிந்தது. பிறகு கணவரைச் சொல்ல வைத்தேன், அவரும் நேராகச் சொல்லாமல் சித்தியிடம் சொல்லி, சித்தி வழியாகச் சொன்னார். சுற்றி வளைப்பது மாதிரி இருக்கும். ஆனால் யாருக்கும் முகம் கறுக்காது. அங்கே மறுப்பு என்பது எப்போதும் மூன்றாவது ஆள் வழியாகத்தான் போக வேண்டும்.

ஞானஸ்நானத்துக்கு 'நினோங்', 'நினாங்' என்று ஞானப் பெற்றோர் வைப்பார்கள். பெரிய மனிதர்களாகப் பார்த்து வைக்கும் வழக்கமும் உண்டு. எங்கள் சித்தி ஒரே யோசனைதான் சொன்னார்: பத்து நிமிஷ கார் தூரத்தில் இருப்பவர்களாகப் பார். ஆத்தேயும் இன்னொரு தம்பதியும் அமைந்தார்கள். நான் இந்து. குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றபோது அப்பாவுக்கு வருத்தம் இருந்தது. கும்பகோணம் போய் மொட்டை போட்டுக் காது குத்தவும் இவர்கள் முழுமனதாகச் சம்மதித்ததும் அது குறைந்தது. பள்ளியின் அவசரத் தொடர்புப் பட்டியலில் இன்றைக்கும் எங்களுக்கு அடுத்து இருப்பது அந்த நினாங்கின் எண்தான்.

பண விஷயம். 'பலுவாகன்' என்பது நம் சீட்டுதான், ஆனால் ஏலமும் கிடையாது, தள்ளுபடியும் கிடையாது. எங்கள் குழுவில் 12 பேர், மாதம் 200 டாலர், முறை வருகிறவருக்கு 2,400 டாலர் அப்படியே. காகிதம் ஒன்றும் இல்லை, நம்பிக்கை மட்டும்தான். அதனால் சேரும் முன் மூன்றைப் பாருங்கள் என்பேன்: பணம் சேகரிப்பவர் யார், எத்தனை வருஷமாக நடத்துகிறார், முதல் முறைகளை எடுப்பவர்கள் யார். புதிதாக வந்தவர்கள் கடைசி முறையைக் கேட்டு வாங்குவது நல்லது. நம் மேல் நம்பிக்கை வளரும், நமக்கும் அது சேமிப்பு. எங்கள் முதல் காரின் முன்பணம் அப்படி வந்ததுதான். தனிப்பட்ட கடன் வேறு கதை. ஒரு உறவினர் 3,000 கேட்டார். கொடுத்தால் திரும்பாது, இல்லையென்றால் உறவு கெடும். கணவரும் நானும் பேசி, 500 டாலரை அன்பளிப்பாகவே கொடுத்தோம், கடன் என்ற சொல்லே வரவில்லை. அந்த உறவு இன்றும் நன்றாக இருக்கிறது. ஊருக்கு அனுப்பும் பெட்டிக்கும் அப்படித்தான், வருஷத்துக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துவிட்டோம். முன்பெல்லாம் அந்தப் பெட்டியில் போகும் பற்பசையையும் டின் இறைச்சியையும் பார்த்து எனக்கு மனசுக்குள் கணக்கு ஓடும். லிப்பாவில் மாமியார் அந்தப் பெட்டியைப் பிரித்து, பொருள்களைத் தெருவெங்கும் பங்கிட்ட வீடியோவைப் பார்த்த பிறகு நானே பொருள் வாங்கி அடுக்குகிறேன்.

லோலா 2022 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். ஒன்பது நாள் 'பசியாம்', தினமும் மாலை வீட்டில் ஜெபம், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார் எவ்வளவு 'அபுலோய்' கொடுத்தார்கள் என்று எழுதினார்கள். நம் மொய் நோட்டேதான். அதை எழுதும் பொறுப்பைச் சித்தி என்னிடம் கொடுத்தார். ஆறாம் நாள் சமையலும் என்னுடையது. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் செய்தேன். லோலாவுக்கு என் எலுமிச்சைச் சோறு பிடிக்கும் என்று ஒரு தீத்தா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே பரிமாறினார். கை மடித்துத் தைத்த அந்தக் கோட்டைத்தான் அன்று போட்டிருந்தேன்.

இப்போது எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கிறது, பேஸ்மென்ட்டோடு. போன மாதம் சித்தி தொலைபேசியில், லிப்பாவிலிருந்து கணவரின் சித்தப்பா பேரன் மனைவியோடு வருகிறான் என்றார். தங்குமிடம் என்று எங்கள் முகவரியை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எங்களிடம் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க எனக்கு அது பொறுக்கவில்லை, கணவரிடம் சத்தம் போட்டேன். மறுநாள் இருவருமாகப் போய்க் கட்டிலுக்கு மெத்தை வாங்கினோம். அந்தப் பெண்ணின் காலணி அளவைக் கேட்டுச் சொல்லும்படி ஆத்தேயிடம் சொல்லியிருக்கிறேன், பூட்ஸுக்கு. இரண்டு மாதம் கழித்து அவள் என் முன் ஓர் உறையை நீட்டினால் அதை வாங்கிக்கொள்வேனா, மாட்டேனா என்றுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.